மாங்கட்டைக் காளான் நுரையீரலில் ஏறியவள் எழுதும் ஏர் ப்யூரிஃபையர் ரிவ்யூ

மெஷின் ஒன்பது மாதமாக ஒரு நாள்கூட மக்கர் பண்ணாமல் ஓடுகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருந்தும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். கம்பெனி பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கும் எந்த ஏர் ப்யூரிஃபையரைப் பிரித்தாலும் உள்ளே ஒரு விசிறி, ஒரு ஃபில்டர், ஒரு சென்சார், அவ்வளவுதான், அதனால் நான் சொல்லப்போகும் குறையும் நிறையும் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இன்னொன்று, வாங்குவதற்கு முன்னால் நான் படித்த ரிவ்யூ எல்லாம் டெல்லி பக்கத்து ஆட்கள் எழுதியது. தீபாவளிப் புகை, குளிர்காலப் பனிமூட்டம், மாசு எண் 300-இலிருந்து 20-க்கு வந்தது என்று படம் போட்டிருப்பார்கள். எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். இங்கே காற்றில் புகை கம்மி, ஈரம்தான் பிரச்சினை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் துணி காய்ந்தால் அதிர்ஷ்டம். பீரோவில் வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை, ஊறுகாய் ஜாடி மூடியில் பூஞ்சை, செருப்பில் பூஞ்சை. அதைப் பார்த்தே வளர்ந்ததால், பூஞ்சையால் நுரையீரல் கெட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கதை இருமலில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூசி என்று நினைத்தேன், பிறகு சளி என்றேன், அப்புறம் இரவில் இழுப்பு வந்தது. சின்ன வயதில் எனக்கு ஆஸ்துமா கிடையாது. ஐந்து மாதம் மாறிமாறி டானிக், ஆன்டிபயாடிக். எக்ஸ்ரேயில் இடது பக்கம் மேலே ஒரு நிழல். நம் ஊரில் மேல் நுரையீரலில் நிழல் என்றாலே அடுத்த வார்த்தை டிபிதான். சளியில் கிருமி இல்லை, டிபிக்கான மரபணுப் பரிசோதனையான சிபிநாட்டிலும் இல்லை, இருந்தாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு இடத்தில் டிபி மாத்திரையைத் தொடங்கினார்கள். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. இரண்டு மாதம் சாப்பிட்டேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, எடை ஐந்து கிலோ குறைந்தது, இருமல் அப்படியே இருந்தது. இந்தப் பூஞ்சை அலர்ஜி நோயாளிகள் பலருக்கும் இந்தியாவில் இதே வரிசைதான் நடக்கிறது என்று பிறகு தெரிந்தது, முதலில் ஆஸ்துமா, அடுத்து டிபி, கடைசியில்தான் உண்மை.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது ஒரு சளிக்கட்டி. ஒரு காலை பல் தேய்க்கும்போது இருமி இருமி ஒன்று வந்து வாஷ்பேசினில் விழுந்தது. எங்கள் பக்கம் ரப்பர் தோட்டம் உள்ளவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், சிரட்டையின் அடியில் காய்ந்து பழுப்பேறி ஒட்டிக்கிடக்குமே ஒட்டுப்பால், அச்சாக அதே மாதிரி. ஒரு இன்ச் நீளம், ஓரத்தில் இரண்டு கிளை பிரிந்திருந்தது. மூச்சுக்குழாயின் வார்ப்பு அது என்று அப்போது தெரியாது. கழுவி விடாமல் போட்டோ எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த போட்டோவைப் பார்த்துவிட்டு நாகர்கோவிலில் நெஞ்சக டாக்டர் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டு ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கச் சொன்னார், அலர்ஜி இருந்தால் ஏறும் ஒரு புரதம் அது. 2,900 வந்தது. 2024-இல் திருத்திய சர்வதேச வழிகாட்டுதலில் 500-ஐத் தாண்டினாலே இந்த நோயைச் சந்தேகப்படச் சொல்கிறார்கள். முன்பு அந்த அளவு 1,000 ஆக இருந்தது.

நோயின் வழக்கமான பெயர் ஏபிபிஏ, அதாவது அலர்ஜிக் பிராங்கோபல்மனரி ஆஸ்பர்ஜிலோசிஸ். ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சையின் வித்து மூச்சுக்குழாய்ச் சளியில் தங்கி முளைக்கிறது. அது சதையை அரித்துத் தின்பதில்லை. நம் உடம்புதான் அதைக் கண்டு அலர்ஜியில் ஆடுகிறது, சளி கெட்டிப்பட்டு அடைக்கிறது, அடைத்த இடத்தில் குழாய் விரிந்து நாறிப்போகிறது. 1952-இல் இங்கிலாந்தில் முதலில் எழுதிவைத்தார்கள். இன்றைக்கு உலகமே பார்த்து நடக்கும் வழிகாட்டுதலை, 2013-இல் வந்ததையும் 2024-இல் வந்ததையும், முன்னின்று எழுதியவர் சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையின் ரித்தேஷ் அகர்வால், நம் நாட்டுக்காரர்.

ஆனால் எனக்கு ஆஸ்பர்ஜிலஸ் அலர்ஜி டெஸ்ட் நெகட்டிவ். டாக்டருக்கே குழப்பம். சிடியில் சளிக்கட்டி முதுகுத்தண்டை ஒட்டிய சதையைவிட அடர்த்தியாக, வெள்ளையாகத் தெரிந்தது, அது இந்த நோய்க்கே உரிய அடையாளமாம். பிராங்கோஸ்கோப் விட்டு உள்ளே இருந்த மிச்சத்தையும் எடுத்து வளர்க்க அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் லேப் ரிப்போர்ட், "வெள்ளைப் பூஞ்சை, வித்து இல்லை, வெளியிலிருந்து கலந்திருக்கலாம்". குப்பையில் போடவேண்டிய தட்டை டாக்டர் போட விடவில்லை. அதிலிருந்து மாதிரி எடுத்து மரபணு வரிசை பார்க்கும் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்துப் பெயர் வந்தது: ஸ்கிசோஃபில்லம் கம்யூன்.

பெயரைக் கேட்டால் செவ்வாய்க்கிரகத்திலிருந்து வந்தது மாதிரி இருக்கும். பார்த்தால் எல்லோரும் பார்த்ததுதான். காய்ந்த மரத்தில் வரிசையாக விசிறி மாதிரி சின்னச் சின்னதாய் முளைக்குமே, மேலே வெள்ளைச் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ரோமம், அடியில் ஓலை விசிறி மடிப்பு மாதிரி செதில், அந்தச் செதில் ஒவ்வொன்றும் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும், அந்தக் காளான்தான். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் உண்டு. மணிப்பூரில் காங்லாயென் என்று சந்தையில் வாங்கிச் சமைத்தே சாப்பிடுகிறார்கள், மலேசியாவிலும் சாப்பிடுகிறார்கள். காளான் அரிதே கிடையாது, அது மனுஷன் நெஞ்சில் குடியேறுவதுதான் அரிது. இந்தக் காளானால் இந்த அலர்ஜி நோய் வரும் என்று 1994-இல் ஜப்பானில் முதலில் கண்டுபிடித்தார்கள், இன்றைக்கும் அதிகம் பதிவாவது அங்கேதான். ஆஸ்பர்ஜிலஸ் இல்லாத வேறு பூஞ்சை என்பதால் கடைசி எழுத்து மாறி ஏபிபிஎம் ஆகிவிடுகிறது, எம் என்றால் மைகோசிஸ், பூஞ்சை நோய். வித்து விடாமல் வெறும் பஞ்சாக வளர்வதால் லேப்பில் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. "கலந்திருக்கலாம்" என்று எழுதி முடித்துவிடுவதற்கு அதுதான் காரணம்.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

ரிப்போர்ட் வந்த வாரமே இவர் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டார். 14,500 ரூபாய், மே மாதம். "காற்றிலிருந்துதானே வருது, காற்றைச் சுத்தம் பண்ணிட்டா தீர்ந்துது" என்பது இவர் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெட்டி நல்ல பேக்கிங், உள்ளே வைத்த ஃபில்டருக்கு ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும், அதைப் பிரிக்காமலே ஓட்டி முதல் இரண்டு நாள் நாங்கள் முட்டாள் ஆனோம். தயவுசெய்து பிரித்துவிட்டு ஓட்டுங்கள், எங்களை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று கஸ்டமர் கேர் பெண் சொன்னாள்.

ஃபில்டர் ஹெச் 13 ஹெப்பா. வேலை செய்யுமா என்றால் செய்யும், அதில் சந்தேகம் வேண்டாம். ஹெப்பாவைச் சோதிப்பது 0.3 மைக்ரானோ அதைவிடச் சின்னதோ ஆன துகளை வைத்து. என் காளானின் வித்து நீளத்தில் 5 மைக்ரானுக்கும் மேல், ஆஸ்பர்ஜிலஸ் வித்து 2-இலிருந்து 3.5 வரை. இரண்டுமே அந்த வலைக்குப் பெரிய மீன்கள். ஃபில்டருக்குள் வந்த வித்து வெளியே போகாது. ஆனால் மெஷினிடம் வந்து சேர்ந்தால்தானே?

எங்கள் படுக்கையறை 12-க்கு 11 அடி, உயரம் 10. கன அடியில் 1,320, மீட்டர் கணக்கில் சுமார் 37. பெட்டியில் சிஏடிஆர் 300 என்று போட்டிருக்கிறது, அதாவது மணிக்கு 300 கன மீட்டர் காற்றைச் சுத்தம் பண்ணித் தருமாம். வகுத்தால் மணிக்கு எட்டு தடவை அறைக்காற்று முழுக்கச் சுற்றி வர வேண்டும். நல்ல கணக்கு. ஆனால் அந்த 300 உச்ச வேகத்தில். உச்ச வேகத்தில் ஓடினால் பக்கத்து வீட்டில் மாவாட்டும் கிரைண்டரை நம் தலைமாட்டில் வைத்த மாதிரி சத்தம், யாரும் தூங்க முடியாது. தூங்குவதற்கு ஸ்லீப் மோட் உண்டு, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அந்த மோடில் சிஏடிஆர் எவ்வளவு என்று பெட்டியிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை, கஸ்டமர் கேரிலும் பதில் இல்லை. எட்டு மணி நேரம் நாம் சுவாசிக்கப்போவது அந்த மோடில்தான், விற்கும் எண்ணோ இன்னொரு மோடுக்கு. ஒரு நட்சத்திரம் இங்கே போனது. நான் இப்போது செய்வது, சாயந்திரம் ஆறிலிருந்து ஒன்பது வரை ஆளில்லாத அறையில் உச்ச வேகம், படுக்கும்போது நடு வேகம்.

அடுத்தது ஜன்னல். பழைய வீடு, ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டர் ஓட்டை, கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. ஜன்னலைத் திறந்துவைத்து இதை ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. மூடினால் வேகிறது. மே மாதம் அட்டையை வெட்டி வெண்டிலேட்டரை அடைத்து, கதவடியில் பழைய சேலையைச் சுருட்டிவைத்துப் படுத்தோம், இரண்டாம் நாள் இவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். கடைசியில் ஏசி போட்டோம். ஆக 14,500 ரூபாய் மெஷினுக்கு 36,000 ரூபாய் ஏசி துணைக்கு. விலையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். கரண்ட் பெரிய விஷயமில்லை, 45 வாட்ஸ், நாளைக்குப் பத்து மணி நேரம் என்றாலும் இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஏசிதான் தின்கிறது.

முன்னால் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள், என்று பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கோடு காட்டும். உள்ளே லேசர் வெளிச்சத்தில் துகள் சிதறுவதை எண்ணும் சின்ன சென்சார் அது. கடுகு தாளித்தால் சிவப்பு. கொசுவர்த்திக்குச் சிவப்பு. மாமி வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் மெஷின் பேய் பிடித்த மாதிரி உறுமும், மாமியும் விடாமல் அதன் முகத்துக்கு நேரே இன்னொரு சுற்று காட்டுவார், "மக்களே, சாமிக்குப் போடுறதுக்கு இது ஏன் கிடந்து கத்துது" என்று. ஆனால் 2.5-க்கு மேலே உள்ள காளான் வித்தை அது சரியாக எண்ணவே எண்ணாது. எண்ணினாலும் இது வித்து, இது சாம்பிராணி என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. எண் 8 காட்டிய ஒரு பச்சை ராத்திரியில்தான் எனக்கு மறுபடி இழுப்பு வந்தது.

அயனைசர் பட்டன் ஒன்று உண்டு, முதல் நாளே அணைத்துவிட்டேன். சில மெஷின்களில் அது ஓசோன் உண்டாக்கும், ஓசோன் மூச்சுக்குழாயை எரிக்கும். டாக்டரும் அதையேதான் சொன்னார். அணைக்க முடியாத மாடல் என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

ஈரத்துக்கு இது ஒன்றும் பண்ணாது. 450 ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி மாட்டினேன், ஜூனில் 86. ப்யூரிஃபையர் ஓடினாலும் 86, ஓடாவிட்டாலும் 86. ஏசியை டிரை மோடில் போட்டால் 60 பக்கம் வருகிறது, அந்த வகையில் ஏசிதான் எனக்குப் பூஞ்சை மெஷின். சின்ன டப்பா மாதிரி ஒரு டீஹியூமிடிஃபையர் இரண்டாயிரத்துக்கு வரும், ராத்திரி முழுக்க ஓடி அரை டம்ளர் தண்ணீர் பிடித்தது, மச்சினி கொண்டுபோய்விட்டாள், நிம்மதி.

இப்போது தலைப்பில் சொன்ன மாங்கட்டை விஷயம். வெட்டிப்போட்ட மரத்தை எங்கள் பக்கம் தடி என்போம்.

அலர்ஜியை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி எட்டு வாரம், முகம் பூரி மாதிரி உப்பி, ராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கிற நிலையில் செக்கப்புக்குப் போனேன். ஐஜிஇ 1,400. பாதிக்கு இறங்கியிருந்தது. எட்டு வாரத்தில் இருபது சதவீதம் இறங்கினாலே மருந்து கேட்கிறது என்று அர்த்தமாம், அதனால் டாக்டருக்குச் சந்தோஷம். நான் பெருமையாக ஏர் ப்யூரிஃபையர் வாங்கியதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது இருக்கட்டும் டீச்சர், வீட்டுப் பக்கம் பழைய தடி, விறகு ஏதும் கிடக்கா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, நினைவே வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழகியமண்டபம் தாண்டியதும் சுரீர் என்றது. கார் நிறுத்த ஷெட் போட வேண்டும் என்று முந்தைய வருஷம் பிப்ரவரியில் வீட்டுக்குப் பின்னால் நின்ற மாமரத்தை வெட்டினோம். பலகை அறுத்துக் கட்டில் பண்ணலாம் என்று இவர், விறகுக்கு ஆகும் என்று மாமி, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் தடி அப்படியே அடுக்கிக் கிடந்தது, மேலே நீலத் தார்ப்பாய். எங்கே கிடந்தது என்றால், படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. எனக்கு இருமல் தொடங்கியது அந்த வருஷம் ஜூலையில்.

மெஷினை எங்கே வைத்திருந்தோம் தெரியுமா? காற்று நன்றாக வாங்கட்டும் என்று அதே ஜன்னல் பக்கத்தில். நடுவில் ஒரு சுவர், ஒரு ஜன்னல். இந்தப் பக்கம் 14,500 ரூபாய் மெஷின் உறிஞ்சுகிறது, அந்தப் பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் மாங்கட்டை விளைவிக்கிறது.

இவர் மாஸ்க் போட்டுக்கொண்டு தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கினார், நான் சமையலறை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பட்டை உரிந்த கட்டையின் வெடிப்பு நெடுக, வரிசை வரிசையாய், கட்டைவிரல் நக அளவில், மழை நனைத்து விரிந்த விசிறிகள். நூறு இருக்கும், இருநூறும் இருக்கலாம். போனில் படம் எடுத்துக் காட்டினார், பெரிதாக்கிப் பார்த்தால் அடிச்செதில் பிளந்திருப்பதுகூடத் தெரிந்தது. மாமி வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "இது எல்லாக் கொல்லையிலும் கிடக்கும் மக்களே, கறிக்கு ஆகாது" என்றார். கொடுமை என்னவென்றால் வெயிலில் இந்தக் காளான் சாகாது. செதிலைச் சுருட்டி உள்ளே மூடிக்கொள்ளும், ஒரு மழை பட்டால் மறுபடி விரிந்து வித்து விடும், வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அப்படித்தான். ஒன்றரை வருஷத்தில் எத்தனை மழை!

நான் மூன்று நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். தடியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, செங்கல் சூளைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கட்டில் கனவும் போனது, விறகும் போனது, மாமி ஒரு வாரம் இவரிடம் சரியாகப் பேசவில்லை.

தடி போனது, நோய் போனது என்று எழுதி முடிக்கத்தான் எனக்கும் ஆசை. நடந்தது வேறு. ஆகஸ்டில் ஸ்டீராய்டு நான்கு மாதக் கணக்கு முடிந்தது, ஐஜிஇ 760. அக்டோபர் மழையோடு இருமல் திரும்பியது, ஐஜிஇ 1,610, எக்ஸ்ரேயில் புது நிழல். வழக்கமாக நிற்கும் அளவிலிருந்து ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏறி, கூடவே தொந்தரவும் வந்தால் நோய் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். தடி இல்லை, மெஷின் ஓடுகிறது, ஏசி ஓடுகிறது, அப்படியும் வந்தது. டாக்டர் ஆரம்பத்திலேயே சொன்னார், அந்தத் தடியிலிருந்துதான் வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது, ரப்பர் தோட்டத்துக்கும் மாந்தோப்புக்கும் நடுவில் இருந்துகொண்டு வித்தே இல்லாத காற்றுக்கு எங்கே போவீர்கள் என்று. இந்த நோய் அடங்கும், திரும்பும், அதன் சுபாவம் அது.

இந்தத் தடவை ஸ்டீராய்டு வேண்டாம் என்று கெஞ்சினேன், இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கொடுத்தார், காலை 200, இரவு 200 மில்லிகிராம். சண்டிகரில் 131 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2018-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு எடுத்த அத்தனை பேருக்கும் ஆறு வாரத்தில் கேட்டது, இட்ராகோனசோலுக்கு 88 சதவீதம் பேருக்குக் கேட்டது. ஆனால் பக்கவிளைவு இதில் ரொம்பக் குறைவு. பூரி முகத்துக்கு 88 சதவீதம் எனக்குப் போதும் என்றேன்.

இந்த மாத்திரையைப் பற்றி ஒரு விஷயம், மெஷின் ரிவ்யூவில் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட்டால் பாவம். இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்து அளவு பார்த்தார்கள், 0.5 வேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை. கேப்சூலை ஒழுங்காகத்தான் போட்டேன். பிறகுதான் பிடித்தார்கள், ஸ்டீராய்டு காலத்தில் வயிற்றுக்கு என்று எழுதிய கேஸ் மாத்திரையை நான் பழக்க தோஷத்தில் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். இந்தக் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அமிலத்தை அடக்கிவிடும், மருந்து கரையாமல் அப்படியே போய்விடும். கேஸ் மாத்திரையை நிறுத்தி, வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு, ஒரு டம்ளர் கோலாவுடன் போடச் சொன்னார். சர்க்கரை இல்லாதவர்களுக்குத்தான் கோலா, உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அடுத்த டெஸ்டில் அளவு சரியாக வந்தது. நான் போட்டுக்கொண்டிருந்த இன்ஹேலரையும் மாற்றினார், ஏனென்றால் பூடசோனைட் மாதிரி சில இன்ஹேலர் ஸ்டீராய்டுகளை இட்ராகோனசோல் உடம்பில் தங்கவைத்துவிடுமாம், மாத்திரை ஸ்டீராய்டு சாப்பிட்ட மாதிரியே முகம் உப்பும். மாதம் ஒரு தடவை ஈரல் டெஸ்ட். டிசம்பரில் ஐஜிஇ 1,020. எனக்கு இறங்கிய ஒவ்வொரு எண்ணும் மருந்து இறக்கியது, மெஷின் இறக்கியதாக ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை.

ஃபில்டர் கதை. ஒரு வருஷம் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஏழாம் மாதம், டிசம்பரில், மழைக்குப் பிறகு மெஷினிலிருந்து ஊறவைத்துப் பிழியாத துணி நாற்றம். ஃபில்டர் விளக்கு இன்னும் பச்சைதான், அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று மட்டும் எண்ணுகிறது, அழுக்கை அல்ல. இவரை விட்டு மாடியில் வைத்துக் கழற்றச் சொன்னேன். முன்பக்கம் சாம்பல் நிறத்தில் கம்பளம் மாதிரி படிந்திருந்தது, தலைமுடி, கொசு இறக்கை, சாம்பிராணித் தூள், மடிப்புகளுக்குள் அங்கங்கே கருப்புப் புள்ளி. அது பூஞ்சையா அழுக்கா என்று நான் கிட்டே போய்ப் பார்க்கத் தயாராக இல்லை. காற்று சுத்தமாக்குகிறேன் என்று ஈரத்தில் தூசியைச் சேர்த்து வைத்தால் அதிலேயே முளைக்கும், எங்கள் மாதிரி ஊரில் அதை நினைவில் வையுங்கள். பூஞ்சை அலர்ஜி உள்ளவர் கையால் ஃபில்டரைக் கழற்றவே கூடாது, வேக்குவம் போட்டுத் தட்டவும் கூடாது, பைக்குள் கட்டி எறிந்துவிட வேண்டும். புது ஃபில்டர் 3,200. ஆறு மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்தால் வருஷத்துக்கு 6,400, இரண்டரை வருஷத்தில் இன்னொரு மெஷின் விலை. இரண்டாவது நட்சத்திரம் இங்கே போனது.

அப்படியென்றால் மூன்று எதற்கு? தூசிக்கு. மேஜைமேல் விரலால் கோடு போட முடியாத அளவுக்கு அறையில் தூசி குறைந்திருக்கிறது, காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல் போடுவேன், அது இரண்டாகிவிட்டது. எதிர்வீட்டில் தேங்காய் மட்டை எரிக்கும் நாளில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் கால் மணி நேரத்தில் மூச்சு இலேசாகிறது. இவருக்குக் குறட்டைகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது, ஒருவேளை என் ஆசையோ என்னவோ. ஏசி போட்ட, மூடிய அறை இருந்து, தூசிக்கோ புகைக்கோ வேண்டும் என்றால் வாங்கலாம், குறை சொல்ல மாட்டேன். ஏபிபிஏ, ஏபிபிஎம் என்று ரிப்போர்ட் கையில் வந்த அன்றைக்கு ராத்திரியே பயத்தில் ஆர்டர் போடுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன், அந்தப் பணத்தில் முதலில் சளியை ஒழுங்கான லேப்பில் வளர்த்துப் பாருங்கள், வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள், நீங்கள் நடக்காதீர்கள், வீட்டில் வேறு ஆளை நடக்கச் சொல்லுங்கள். உரக்குழி, வைக்கோல், நனைந்த விறகு, ஒழுகும் சுவர், தார்ப்பாய் போட்டு மறந்த எதுவானாலும்.

டெலிவரிக்கு ஐந்து, பேக்கிங்குக்கு ஐந்து, கஸ்டமர் கேருக்கு இரண்டு. போன் எடுக்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், கேட்ட எதற்கும் பதில் தெரியாது.

பிந்தைய சேர்க்கை: போன வாரம் ஐஜிஇ 640. இட்ராகோனசோல் இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, அதற்கப்புறம் நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஸ்பேர் ஃபில்டர் ஒன்று ஜனவரி 20 அன்று ஆர்டர் போட்டேன், மூன்று தடவை தேதி மாற்றிவிட்டார்கள், இன்னும் வரவில்லை.